நாலாவது துண்டு

மீஞ்சூர்
3 ஜூன் 2025

சோனியாவுக்கு,

ஸ்டீபன் எழுதுவது. நான் நலம். அம்மாவும் நைனாவும் நலம். நைனாவுக்கு அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் இந்த மாதமும் வேலை இருக்கிறது.

ஒரு வருடமாக எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது உனக்கு மட்டும்தான் தெரியும். போன் இருந்தால் ஒரு நிமிடத்தில் கேட்டு முடித்திருப்பேன். உங்கள் கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

உன் பிளஸ் ஒன் கணக்கு நோட்டுகள் எங்கே?

பொன்னேரியில் ஒரு பாலிடெக்னிக்கில் மாலை நேர டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மெக்கானிக்கல். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஜூலை 19 அன்று பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்று ஒன்று வைக்கிறார்கள். வேலை தருகிற பிளேஸ்மென்ட் இல்லை. யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கிற பரீட்சை. ஐம்பது கேள்வி, முப்பது கணக்கு, இருபது இங்கிலீஷ். முப்பது மார்க் எடுத்தால் நேராக மாலை வகுப்பு. ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் அடிப்படை வகுப்பில் உட்கார வேண்டும். அது காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை.

கம்பெனியில் எங்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். முப்பது எடுத்துக் காட்டினால் எனக்கு முதல் ஷிப்டை மாற்றாமல் போட்டுத் தருகிறேன் என்று ஷிப்ட் இன்சார்ஜ் எபினேசர் சார் சொல்லியிருக்கிறார். இரண்டு மணிக்கு வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போகலாம். காலை வகுப்பு என்றால் எனக்குக் காலேஜே இல்லை என்றுதான் அர்த்தம்.

நோட்டு எங்கே என்று மட்டும் எழுது. போதும்.

ஸ்டீபன்


திண்டுக்கல்
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தது நான் இல்லை. இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் சிஸ்டர் ரோசம்மாள் படித்துவிட்டுத்தான் விடுவார். எங்களைப் போலப் புதிதாக வந்த பெண்களுக்கு அவர்தான் பொறுப்பு. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "உங்க அண்ணன் கம்பெனிக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரியே எழுதுறாரேம்மா" என்றார். நான் சிரித்துவிட்டு, அறைக்குப் போய் அழுதேன். இதையும் அவர் படிப்பார், படிக்கட்டும்.

போன வருடம் நான் இங்கே கிளம்பிய அன்று, எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற வரைக்கும் நான் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன் அண்ணா. அம்மா வந்தாள், நைனா வந்தார். நீ வரவில்லை. உனக்கு ஷிப்ட் என்று அம்மா சொன்னாள்.

சரி, நோட்டு. அது வீட்டில் இல்லை. வேப்பம்பட்டில் என்னோடு படித்த ஹெலன் இருக்கிறாள் இல்லையா, அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் தங்கைக்கு இப்போது தேவைப்படாது. நீ ரயில் பிடித்துப் போய் வாங்கிக்கொள். மூன்று நோட்டு. பச்சை அட்டை நோட்டில்தான் அடிப்படைக் கணக்கெல்லாம் இருக்கிறது.

ஆனால் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது. நீ கணக்குப் புத்தகத்தைத் திறந்து பத்து வருடம் ஆகிறது. இதோடு பத்துக் கணக்கு எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நோட்டைப் பார்க்காமல், பதினைந்து நிமிடத்தில் போட்டு, வந்த விடையை அப்படியே அனுப்பு. தப்பாக இருந்தாலும் திருத்தாதே. எங்கே தப்பு வருகிறது என்று தெரிந்தால்தான் எதைப் படிப்பது என்று சொல்ல முடியும்.

நீ கேட்காமலேயே சொல்கிறேன் என்று கோபப்படுவாய். படு. ஏற்கெனவே இருக்கிற கோபத்தோடு சேர்த்து வைத்துக்கொள்.

உன் தங்கை
சோனியா


மீஞ்சூர்
15 ஜூன் 2025

சோனியாவுக்கு,

நோட்டு கிடைத்தது. ஞாயிறு லீவில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே திருவள்ளூர் ரயில் மாறி, வேப்பம்பட்டில் இறங்கி, ஹெலன் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் தங்கை உன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மருதாணி டிசைன் போட்டு வைத்திருக்கிறாள். மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கின்றன.

பத்துக் கணக்கும் போட்டுவிட்டேன். விடைகள் தனித்தாளில். பதினைந்து நிமிடம் இல்லை, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆனது. வழியில் கவரைப்பேட்டையில் சிக்னலுக்காக நின்றதையும் சேர்த்து.

ரயிலில்தான் படிக்கிறேன். வேறு நேரம் இல்லை. நான் சத்தம் போட்டுப் படிப்பதைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் வரும். எங்கள் செக்‌ஷனில் கம்பியை வெட்டுவதற்கு முன்னால் கையை வைத்து அளவை வாய்விட்டுச் சொல்வோம். எதிரில் நிற்கிற ஆள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஸ்விட்ச். எனக்கு எதிரில் நிற்பவர் முனுசாமி. அவரும் என்னோடு இதே ரயிலில்தான் வருகிறார். நான் கணக்கைப் படித்தால் பழக்க தோஷத்தில் அவரும் திருப்பிச் சொல்லிவிடுகிறார். பிறகு, "இன்னாபா, கம்பெனிலதான் கத்திக்கினு கெடக்கோம், ரயில்லயுமா?" என்று என்னையே திட்டுகிறார்.

அம்மாவுக்கு நான் படிப்பது பிடித்திருக்கிறது போலத் தெரிகிறது. வாயால் சொல்ல மாட்டாள். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கலாம்னா, இவன் பரிச்ச எழுதப் போறேன்னு நிக்கிறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கினு இருக்கிறாள். காலையில் டீ மட்டும் இப்போது இரண்டு டம்ளர் வருகிறது.

மார்க் போட்டு அனுப்பு.

ஸ்டீபன்


திண்டுக்கல்
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

பத்துக்கு நாலு.

பின்னம் சரி, சதவீதம் சரி. அதெல்லாம் எனக்கே ஆச்சரியம். ஆனால் மற்றதெல்லாம் என்ன அண்ணா இது? மூன்றாவது கணக்கைப் பார்: நாலு பேர் ஆறு நாளில் ஒரு வேலையை முடித்தால், எட்டுப் பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? நீ ஆறு நாள் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில், 'மெஷின் ஒன்றுதானே இருக்கும்' என்று குறிப்பு வேறு. எட்டாவது கணக்கு, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற ரயில் இருபது கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்? நீ முக்கால் மணி நேரம் என்கிறாய். உன் ரயில் சிக்னலில் நிற்கும், பரீட்சையில் வருகிற ரயில் நிற்காது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பன்னிரண்டு மீட்டர் கம்பியிலிருந்து மூன்று மீட்டர் துண்டுகள் எத்தனை வெட்டலாம்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நீ மூன்று என்று எழுதியிருக்கிறாய். நாள் முழுக்கக் கம்பி வெட்டுகிறவன் நீ. இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன், சிஸ்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

உனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததை எல்லாம் உள்ளே கொண்டு வருகிறாய். கேள்வியில் எண் மட்டும்தான் இருக்கும். எண்ணை எடு, விடையை எழுது, அடுத்ததற்குப் போ.

இன்னொன்று. வாய்விட்டுப் படிக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடு. பரீட்சை ஹாலில் வெளியே அனுப்பிவிடுவார்கள். கண்ணால் மட்டும் படிக்கப் பழகு.

அடுத்த இருபது கணக்கு இதோடு இருக்கிறது.

சோனியா


மீஞ்சூர்
27 ஜூன் 2025

சோனியாவுக்கு,

சாப்பாட்டு மேசையில் சிரித்த எல்லாருக்கும் சொல்.

பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் தின்னும். பன்னிரண்டு மீட்டர் கம்பியில் மூன்று வெட்டுப் போட்டால் ஒன்பது மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். முதல் மூன்று துண்டும் சரியாக இருக்கும். நாலாவது துண்டு ஒன்பது மில்லிமீட்டர் குறையும். குறைந்த துண்டைத் துண்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் உன்னைப் போலத்தான் மனக்கணக்குப் போட்டேன். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நாலு. அறுபது கம்பி வெட்டினேன். அறுபதிலும் நாலாவது துண்டு குட்டை. சிவப்புப் பெயின்ட் அடித்துக் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள். ஒரு வாரம் கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன். போகிற வருகிறவன் எல்லாம் 'ஸ்டீபன் கட்டிங்' என்று அதற்குப் பேர் வைத்தான். அன்றைக்கு அந்தக் குவியல் பக்கத்தில் என்னோடு வந்து நின்றவர் முனுசாமி ஒருவர்தான். அதற்குப் பிறகுதான் அளவை வாய்விட்டுச் சொல்லாமல் நான் ஸ்விட்சைத் தொடுவதில்லை. என் கை நாலு என்று எழுதாது.

சிரிப்பது சுலபம். கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள் நீ. உனக்கு பி.எஸ்ஸி. ஃபார்ம் வாங்கி, வரிசையில் நின்று, நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மடத்துக்குப் போகிறேன் என்றாய். பதினெட்டு வயதில் எனக்கும் ஒரு டிப்ளமோ சீட் வந்தது. வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும், பாப்பா நன்றாகப் படிக்கிறாள் என்று நான் ஐ.டி.ஐ.யோடு நின்றேன். உனக்காக விட்டது அது. நீ அதை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாய். இப்போது இருபத்தெட்டு வயதில் ரயிலில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புக் கணக்குப் போட்டுத் தங்கச்சியிடம் பேச்சு வாங்குகிறேன்.

இருபது கணக்கையும் போடவில்லை. இனிமேல் அனுப்ப வேண்டாம்.

ஸ்டீபன்


திண்டுக்கல்
6 ஜூலை 2025, ஞாயிறு

அண்ணா,

இந்தத் தடவை சிஸ்டர் ரோசம்மாள் உன் கடிதத்தை இரண்டாக மடித்துக் கொடுத்தார். உடனே பதில் எழுதாதே, நாலு நாள் கழித்து எழுது என்று மட்டும் சொன்னார். நாலு நாள் கழித்தும் எனக்கு அதே கோபம்தான் இருக்கிறது.

நீ டிப்ளமோ சீட்டை விட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளையை யார் கேட்டார்கள்? நீயும் நைனாவும் பேசி முடித்தீர்கள். பிறகு ஒன்பது வருடம் வீட்டில் எதற்கெடுத்தாலும் 'அண்ணன் உனக்காக விட்டான்' என்று அம்மா சொல்லுவாள். நான் நல்ல மார்க் வாங்கினால் அது உன் மார்க். ஒரு நாள் படிக்காமல் இருந்தால் உனக்குத் துரோகம். ஃபார்மை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாய், சரி. எந்தக் காலேஜ், என்ன பாடம் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? என் பேர், என் பிறந்த தேதி எல்லாம் உன் கையெழுத்தில் இருந்தது.

நான் உன்னிடமிருந்து ஓடி வரவில்லை. இங்கே வர வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே ஆசைப்பட்டேன். உன்னிடம் சொல்லப் பயந்தேன், அது என் தப்பு. கடைசி நாள் வரைக்கும் மறைத்தேன், அதுவும் என் தப்பு. அந்த இரண்டுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வந்ததற்குக் கேட்க மாட்டேன்.

இனி இன்னொரு விஷயம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், சிஸ்டர் விடவில்லை.

எங்கள் விடுதிப் பிள்ளைகளின் புத்தகம் வைக்கச் சுவர் மாடத்தில் நாலு தட்டுப் போட வேண்டியிருந்தது. மாடம் மூன்று அடி அகலம். பன்னிரண்டு அடிப் பலகை ஒன்று இருந்தது. வெட்டுகிற வேலை எனக்கு. உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால். நான் ஒவ்வொரு தடவையும் மூன்று அடி அளந்து, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்தேன். முதல் மூன்று பலகையும் ஆணி மேல் ஜம்மென்று உட்கார்ந்தன. நாலாவது ஒரு பக்க ஆணியைத் தொடவில்லை. தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். நின்றது மாதிரி இருந்தது. புத்தகத்தை அடுக்கியதும் வழுக்கி, சிஸ்டர் ரோசம்மாளின் கால் மேல் விழுந்தது. பெருவிரல் வீங்கிவிட்டது.

பிறகு உன் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர், "உங்க அண்ணன்கிட்டக் கேட்டுட்டு அறுத்திருக்கலாமே" என்றார்.

நீ சொன்னதுதான் சரி. சிரித்ததற்கும் மன்னிப்பு. சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் பரீட்சையில் நாலு என்றே எழுது அண்ணா. கேள்வி எழுதுகிறவர் கம்பியைத் தொட்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டிய விடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போ. பிளேடு பற்றி உள்ளே போன பிறகு அவருக்கு நீ சொல்லிக் கொடுக்கலாம். பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. முப்பது கணக்கு வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, போட்டுவிட்டுக் கிழி.

சோனியா


மீஞ்சூர்
11 ஜூலை 2025

சோனியா,

முப்பதும் போட்டேன். விட்டு வைத்த இருபதும் போட்டேன். கிழிக்கவில்லை.

நீ மடத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. ஷிப்ட் என்று சொன்னது பொய். மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இரண்டு ரயிலை விட்டேன். மூன்றாவது ரயிலில் ஏறினாலும் எழும்பூருக்கு நேரத்துக்குப் போயிருக்க முடியாது, அதனால் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. நீ எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஃபார்ம் பற்றி நீ சொன்னது சரி. யோசித்துப் பார்த்தேன், நான் கேட்கவே இல்லை.

இப்போது நீ சொன்னபடிதான் செய்கிறேன். எண்ணை எடுக்கிறேன், விடையை எழுதுகிறேன், போகிறேன். வாயை மூடிக்கொண்டு படிக்கிறேன். முனுசாமிக்கு இது பிடிக்கவில்லை. "ஊமக்கோட்டான் மாரி வர்றியே, பேஜாரா கீதுபா" என்கிறார். போன வாரம் மாதிரித் தேர்வில் ஐம்பதுக்கு இருபத்து மூன்று. நேற்று முப்பத்தொன்று. இங்கிலீஷில் இருபதுக்கு எட்டுக்கு மேல் வர மாட்டேன் என்கிறது. அதனால் கணக்கில் ஒன்றையும் விட முடியாது.

சிஸ்டர் ரோசம்மாளின் கால் விரல் எப்படி இருக்கிறது? அவரே படிப்பார் என்பதால் நேராகவே கேட்கிறேன்: சிஸ்டர், வெந்நீரில் உப்புப் போட்டு வையுங்கள்.

அண்ணன்
ஸ்டீபன்


திண்டுக்கல்
15 ஜூலை 2025

அண்ணா,

ஞாயிறு இல்லாத நாளில் எழுத சிஸ்டரே சொன்னார். 'அண்ணன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பார்த்தேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மடத்தில் இருக்கிற நாங்கள் பதினான்கு பேரும் உனக்காகக் கோயிலில் உட்கார்ந்திருப்போம். விரல் வீக்கம் வடிந்துவிட்டது. எண்ணை எடு, விடையை எழுது, போ.

சோனியா


மீஞ்சூர்
20 ஜூலை 2025

சோனியா,

பரீட்சை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கடைசி வரை படி.

ஹாலில் எண்பது பேர். பாதிப்பேருக்கு மீசை முளைக்கவில்லை. என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து வணக்கம் சொன்னான். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்ததும் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கணக்கு நன்றாக வந்தது. எட்டுப் பேர் வேலை செய்கிற கணக்கு வந்தது, மெஷினைப் பற்றி யோசிக்காமல் பாதி நாள் போட்டேன். ரயில் வந்தது, சிக்னலில் நிற்காமல் ஓட்டிவிட்டேன். இருபத்தேழாவது கேள்வி, நம்ப மாட்டாய். ஆறு மீட்டர் குழாயிலிருந்து ஒன்றரை மீட்டர் துண்டுகள் எத்தனை கிடைக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கொஞ்சம் நின்றது. நீ எழுதியதை நினைத்துக்கொண்டு, பேனாவால் நாலு என்று கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒரு முறை கறுப்பாக்கினால் மாற்ற முடியாது.

கேள்வித்தாளை நம்மிடமே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டே முக்கால் ரயிலில் பொன்னேரியில் ஏறினேன். ஷிப்ட் முடித்து முனுசாமி அதே பெட்டியில் வந்துகொண்டிருந்தார். "படி, இன்னா கேட்டானுங்கன்னு பாக்கலாம்" என்றார். பல நாள் கழித்து வாய்விட்டுப் படித்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தேழாவதுக்கு வந்தேன். ஆறு மீட்டர் குழாய், என்றேன். ஆறு மீட்டர், என்றார். ஒன்றரை மீட்டர் துண்டு. ஒன்றரை மீட்டர். அடுத்த வரியை வாய் தானாகப் படித்தது: ஒவ்வொரு வெட்டிலும் நாலு மில்லிமீட்டர் வீணாகும் எனக் கொள்க.

"வெட்டுக்கு நாலு மில்லி. அப்ப மூணுதாம்பா" என்றார் முனுசாமி. அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்.

அந்த வரி கேள்விக்கு நேர் கீழேதான் இருந்தது. பெரிய எழுத்தில்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை.

ரிசல்ட் வியாழக்கிழமை. எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பதும் வரலாம், முப்பத்திரண்டும் வரலாம்.

ஸ்டீபன்


திண்டுக்கல்
27 ஜூலை 2025, ஞாயிறு

அண்ணா,

ரிசல்ட் வந்திருக்கும், எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான்தான் காரணம். எண்ணை எடு, விடையை எழுது, போ என்று சொன்னது நான். வாயை மூடு என்று சொன்னது நான். நீ கையை வைத்து, அளவைச் சொல்லிக் கேட்டு, பிறகு வெட்டுகிறவன். பலகை காலில் விழுந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, நாலு என்றே எழுது என்று எழுதினேன். கேள்வி எழுதியவர் கம்பியைத் தொட்டிருக்க மாட்டார் என்று எவ்வளவு தைரியமாகச் சொன்னேன். அவர் தொட்டிருக்கிறார். எண்பது பேர் இருந்த ஹாலில் அந்தக் கேள்வி உனக்கென்றே வந்தது, அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

உன் சீட் என்னால் ஒரு முறை போனது என்று நீ சொன்னபோது, ஒன்பது வயதுப் பிள்ளையை யார் கேட்டார்கள் என்று சண்டை போட்டேன். இந்த முறை அப்படிச் சொல்ல முடியாது. எனக்குப் பத்தொன்பது வயது, யாரும் கேட்காமலேயே நானாகச் சொன்னேன்.

இன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன வந்தாலும் எழுது.

சோனியா


மீஞ்சூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருபத்தொன்பது.

கணக்கில் இருபத்தொன்று, இங்கிலீஷில் எட்டு. போர்டுக்கு முன்னால் நின்று மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன், யாரும் வெளியே அனுப்பவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். ஒரு வருடமாக உன் மேல் கோபமாக இருந்தேன். அதற்கு நியாயமே இல்லை என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இப்போது கோபப்படுவதற்கு முதல் முறையாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன், கோபம் வரவில்லை. நீ ஆயிரம் சொல்லியிருக்கலாம். கேள்வியை முழுசாகப் படிக்காதது என் கண். ஒழுங்காகச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை எபினேசர் சாரைப் போய்ப் பார்த்தேன். "முப்பது எடுத்தா ஃபர்ஸ்ட் ஷிப்ட்னு சொன்னேன். எடுக்கல. நான் இன்னா பண்ண முடியும் ஸ்டீபன்?" என்றார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வேண்டாம் சார், செகண்ட் ஷிப்டை ஆறு மாதத்துக்கு மாற்றாமல் போடுங்கள் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை, சாயங்காலம் என்பதே இருக்காது. அதை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் விரும்ப மாட்டார்கள். "அத கேட்டு இதுவரிக்கும் ஒருத்தனும் வந்ததில்ல. ஆனா எதிர்ல நிக்கிற ஆளு எங்க? ஆறு மாசம் எவன் வருவான்?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே முனுசாமி நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, "வேற எவனாவது அளவ திருப்பிச் சொன்னா உனக்கு ஒத்துக்காது. நானும் செகண்ட் ஷிப்ட்தான். ஊட்டுல பொஞ்சாதிகிட்ட நீ வந்து சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். அந்த அம்மா முறைத்துவிட்டு நாஷ்டா போட்டுக் கொடுத்தார்கள்.

வரும் திங்கட்கிழமை அடிப்படை வகுப்பு ஆரம்பம். ஒன்பது மணிக்குப் பொன்னேரியில் இறங்குவேன், பன்னிரண்டரைக்கு வகுப்பு முடியும், அடுத்த ரயிலில் கும்மிடிப்பூண்டி. ஆறு மாதம் முடிந்தால் மாலை வகுப்பு. அதற்கு முதல் ஷிப்ட் கேட்டு எபினேசர் சார் முன்னால் போய் நிற்பேன், அவருக்கு இப்போதே தெரியும். அம்மா இரண்டாவது டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆறு மாசம்தான, ஓடிப்பூடும்" என்றாள்.

செப்டம்பர் ஏழாம் தேதி, ஞாயிறு, உங்கள் மடத்தில் வீட்டு ஆட்கள் வந்து பார்க்கிற நாள் என்று அம்மா சொன்னாள். நான் வருகிறேன். இந்த முறை பெஞ்சில் உட்கார மாட்டேன்.

அந்த நாலாவது தட்டு இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? மாடத்தின் அகலத்தை அளந்து எழுது, மில்லிமீட்டரில். மூன்று அடி என்று பொத்தாம் பொதுவாக எழுதாதே, சுவர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் இருக்கும், நாலாவது தட்டு வருகிற இடத்தில் அள. பலகையை நான் வெட்டிக் கொண்டுவருகிறேன். ரம்பம் தின்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதத்தை மூடுவதற்கு முன்னால் அந்த அளவை ஒரு முறை வாய்விட்டுப் படி. சிஸ்டர் ரோசம்மாளை எதிரில் நிற்கவைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்.

உன் அண்ணன்
ஸ்டீபன்